பொழுது சாய்ந்து வீடு திரும்புகிறவர்கள்

செஞ்சி
4-12-1966

அன்பு அத்தானுக்கு,

அருகன் அருளால் இங்கே எல்லோரும் சுகம். மற்ற விசாரிப்பெல்லாம் கடைசியில். எனக்குக் கை பரபரக்கிறது.

என் ஆராய்ச்சி மொத்தமும் தப்பு! நூற்றிருபது படிவமும் குப்பை. அழுதுகொண்டு எழுதவில்லை, துள்ளிக்கொண்டு எழுதுகிறேன்.

சிங்கவரம் சேரியில் யாருக்கு என்ன வேலை, என்ன கூலி என்று மூன்று மாதமாக வீடு வீடாகக் கேட்டேன் அல்லவா? நம் சமண வழக்கப்படி இருட்டுமுன் சாப்பிட வேண்டுமே என்று தினமும் நாலரை மணி பஸ்ஸில் திரும்பிவிடுவேன். பதில் சொன்னதெல்லாம் மதியத்தோடு ஏர் ஓட்டி முடித்து வந்த ஆண்கள். பச்சைமுத்துவிடம் அவன் மனைவியைப் பற்றிக் கேட்டால், சும்மாதான் இருக்குது என்றான். நானும் 'வேலை இல்லை' என்று அழகாக எழுதிக்கொண்டேன். மக்கு!

போன செவ்வாய்க்கிழமை பஸ் வரவில்லை. பொழுது மங்கியதும், கடலைக்கொடியைத் தலையில் சுமந்து பெண்கள் வரிசையாக வந்தார்கள். முதலில் வந்தவள்தான் பச்சைமுத்துவின் அந்த 'வேலை இல்லாத' மனைவி மீனம்பாள். விஷயத்தைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"நீங்க பொழுதோட கெளம்பிப் பூடுறீங்க. நாங்க பொழுது சாஞ்சுதான் வூட்டுக்கே வர்றோம். எங்கள எப்பிடிம்மா எழுதுவீங்க?"

மறுநாள் விடியற்காலையில் அவளோடு கடலைக்காட்டுக்குப் போனேன். ஒரே நிலத்தில் ஆணுக்கு ஒரு கூலி, ஊர்ப் பெண்ணுக்கு அதில் பாதி, சேரிப் பெண்ணுக்கு அதிலும் குறைவு. தண்ணீரும் கையேந்தித்தான் குடிக்க வேண்டும். உங்கள் விடுதிச் சமையற்கட்டில் வேலை செய்யும் கறுப்பினப் பெண்மணி சொன்னதாக எழுதினீர்களே, எங்களை வெள்ளைக்காரிகளோடும் எண்ணவில்லை, எங்கள் ஆண்களோடும் எண்ணவில்லை என்று? அமெரிக்கச் சங்கதி என்று நினைத்தேன். சிங்கவரத்திலேயே இருக்கிறது அத்தான்!

இன்னொன்று. அந்தக் கடலைக்காடு நம்முடையது. கூலி அளந்து போட்டவர் மாமா. அதையும் எழுதத்தான் போகிறேன். சம்மதமா என்று கேட்கவில்லை, சொல்கிறேன். கோபம் வந்தால் கடிதத்தில் திட்டுங்கள்.

இப்போது தூக்கில் சாப்பாடு கொண்டுபோய், ஐந்து மணிக்கு மீனம்பாள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். அத்தைக்குத் தெரியாது. இருட்டிய பின் ஒவ்வொரு பெண்ணாகப் பேசுகிறார்கள். என்னமாய்ப் பேசுகிறார்கள்! நடவும் களையெடுப்பும் கூட இருந்து பார்க்க வேண்டும்.

ஆகவே நான் அங்கே வருவதற்கு எடுத்த தை மாதக் கப்பல் டிக்கெட்டைச் சித்திரைக்கு மாற்றிவிடுங்கள். கல்யாணமாகி நாற்பதாம் நாள் கப்பலேறிய மனிதரிடம், இரண்டு வருஷம் கழித்து இதைக் கேட்கிறேன். எனக்கு மட்டும் ஏக்கம் இல்லையா என்ன?

டெட்ராய்ட்டில் இப்போது ஐந்து மணிக்கே இருட்டிவிடுமாமே. வேலை முடிந்து வர நேரமானால் பட்டினி கிடக்க வேண்டாம். பொழுது சாய்ந்த பிறகும் சாப்பிடுங்கள், நான் ஒன்றும் சொல்லமாட்டேன். வயிறாரச் சாப்பிட்டு எனக்காகக் காத்திருங்கள்.

உங்கள்
ஜெயமாலா