தட்டு பிடித்த கையையும் எண்ணினார்கள்

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் சுகம், உன் அப்பாவின் முழங்காலையும் குளியலறைக் குழாயையும் தவிர. இரண்டும் விடிந்ததும் முனக ஆரம்பித்துவிடுகின்றன. நீ சுகமா என்று போனில் கேட்டால் "ம்" என்கிறாய். அந்த ஒரு "ம்"மை வைத்துக்கொண்டு நான் என்ன கண்டேன்? அதனால்தான் கடிதம். விஷயம் நிறைய இருக்கிறது, உட்கார்ந்து படி, அடுப்பில் எதையாவது வைத்துவிட்டுப் படிக்காதே.

முதலில் தேர்தல் கூத்து. ஓட்டுப் போடும் நாளன்று உன் அப்பா தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு, நாட்டையே தன் பேரில் எழுதி வைத்த மாதிரி கிளம்பினார். வாசலைத் தாண்டியதும் யாருக்குப் போடலாம் என்று என்னிடமே கேட்டார். நான் சொல்லவில்லை. வழியில் பெரியப்பா ஒரு பெயர் சொன்னார், ஆமாம் என்றார். இவர் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடை முதலாளி வேறொரு பெயர் சொன்னார், அதற்கும் ஆமாம் என்றார். கடையில் இவருக்கு ஆமாஞ்சாமி என்று பெயர் வைத்தது சும்மாவா? ஆனால் அந்த அட்டை மறைப்புக்குப் பின்னால் போனவர் புலி மாதிரி வெளியே வந்தார். யாருக்குப் போட்டீங்க என்றேன். அதையெல்லாம் வெளிய சொல்லக் கூடாதுடீ என்றார். அடேயப்பா! மறைப்புக்குப் பின்னால் எல்லாருமே வீரர்கள்தான்.

அந்தச் சூடு ஆறுவதற்குள் கோர்ட்டிலிருந்து அழைப்பு வந்தது. குற்றவாளியா இல்லையா என்று சொல்ல ஊர்க்காரர்களில் பன்னிரண்டு பேரை உட்கார வைப்பார்களே, அந்த ஜூரியில் இவரும் ஒருவராம். ஐயோ பாவம் அந்தக் கோர்ட் என்று நினைத்தேன். தனியாக விட்டால் குடையைத் தொலைத்துவிட்டு வருவார் என்று நானும் தினமும் போய்ப் பின் பெஞ்சில் உட்கார்ந்தேன். சலவைக் கடையில் துணி தேய்க்கும் ஒரு பெண், உன் வயதுதான் இருக்கும், முதலாளியோடு சண்டை போட்டுவிட்டுக் கடைக்குத் தீ வைத்தாள் என்று வழக்கு. பழைய இஸ்திரிப் பெட்டியில் அடிக்கடி பொறி பறக்கும், நான் சொல்லியும் யாரும் கேட்கலை என்று அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். கடைசி நாள் பன்னிரண்டு பேரும் உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்தார்கள். அவர்களுக்குத் தலைவராக இருந்தவர் மேஜை நாற்காலி விற்கும் ஒரு பெரிய மனிதர். தொண்டையைச் செருமிக்கொண்டு, எல்லாரும் ஒரே முடிவு, குற்றவாளிதான் என்றார். அந்தப் பெண் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். உன் அப்பா மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது அவளுடைய வக்கீல் எழுந்து, ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும் என்றார். அப்படி ஒரு வழக்கம் இருக்கிறதாம், எனக்கு அன்றுதான் தெரியும். ஓட்டுப் போடுகிற இடத்தில் யாருக்கும் பயப்படாமல் போடட்டும் என்று மறைப்பு வைக்கிறார்கள். இங்கே மறைப்பை எடுத்துவிட்டு, யாருடைய தலையெழுத்தோ அந்த ஆளின் முன்னாலேயே சொல்லு என்கிறார்கள். நீதிபதி ஒவ்வொருவராக எழுப்பி, இது உங்கள் முடிவுதானா என்று கேட்டார். ஆமாம், ஆமாம், ஆமாம் என்று வரிசையாக வந்தது. சிலர் தரையைப் பார்த்துச் சொன்னார்கள். உன் அப்பா முறை வந்தபோது, ஆமாம் சொல்லியே பழகிய வாய், அதைக் கேட்பானேன் என்று நான் கிளம்பக் குடையை எடுத்துவிட்டேன். மனுஷர் தண்ணீர் கேட்டார்! கொடுத்தார்கள், குடித்தார், டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு, இல்லீங்க என்றார். எடுத்த குடையைக் கீழே வைத்தேன். நீதிபதி மறுபடி கேட்டார். இல்லீங்க, உள்ள யாருக்காவது மாற்றுக் கருத்து இருக்கான்னு கேட்டாங்க, யாரும் பேசலை, நானும் பேசலை, அதையே முடிவுன்னு எழுதிட்டாங்க என்றார். அந்த நாற்காலிக் கடைக்காரர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

நீதிபதி எல்லாரையும் திரும்பப் பேசச் சொல்லி உள்ளே அனுப்பினார். பிறகு தெரிந்தது, அந்தப் பொறி பறக்கிற பெட்டி வேறு நாலைந்து பேர் மனதிலும் உறுத்திக்கொண்டுதான் இருந்ததாம். முதலில் வாயைத் திறக்க ஒரு ஆமாஞ்சாமி தேவைப்பட்டிருக்கிறது. மறுநாள் அந்தப் பெண்ணை விட்டுவிட்டார்கள்.

இனிதான் விஷயமே. பஸ்ஸில் உன் அப்பா டிக்கெட்டை மடித்து மடித்துப் பார்த்துக்கொண்டே வந்தார். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியவர், நம்ம பொண்ணு விஷயத்துல யாரையும் தனித்தனியா கேக்கலையே என்றார். நீ காதோரம் காயத்தோடு வந்து நின்ற அன்று நடந்த குடும்பப் பஞ்சாயத்து உனக்கு மறக்குமா? பெரியப்பா கூடத்தின் நடுவில் உட்கார்ந்து, அனுசரிச்சுப் புருஷனோட போய் இரு, இல்லேன்னா இந்த வாசப்படி மிதிக்காதே, இது குடும்பமே சேர்ந்து எடுத்த முடிவு, சரின்னா கையைத் தூக்குங்க என்றாரே. நான் அப்போது டீத் தட்டை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தேன். அந்த மகானுபாவர் அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டார். தூக்காதவர்களுக்கு, மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்று ஒரு பழமொழி. நீ எங்கள் யார் முகத்தையும் பார்க்காமல் பெட்டியை எடுத்துக்கொண்டு போனாய். அவனிடமும் போகாமல், தனியாக அத்தனை தூரம் போய்விட்டாய்.

போன ஞாயிற்றுக்கிழமை அதே ஆட்களை அதே கூடத்தில் உட்கார வைத்தார் உன் அப்பா. ஒவ்வொருவராக எழுப்பி, நம்ம பொண்ணு அந்த ஆள்கிட்டத் திரும்பப் போகணும்னு சொன்னது உன் முடிவா, ஆமான்னா ஆமா, இல்லேன்னா இல்லை, கதை வேண்டாம் என்றார். உன் அத்தை, அண்ணன் சொன்னாரேன்னுதான் என்று இழுத்தாள். கதை வேண்டாம் என்றதும் அழுதுகொண்டே இல்லை என்றாள். சித்தப்பா சொன்னதைக் கேள்: எனக்கு அன்னிக்கு பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சு அண்ணா, அதான் சட்டுனு தூக்கிட்டேன். அடப்பாவி! இவர் பஸ்ஸைப் பிடிப்பதற்காக என் பெண்ணை அடிக்கிறவனிடம் போகச் சொல்லியிருக்கிறார். கடைசியில் பெரியப்பா. அவர் மீசையைத் தடவிக்கொண்டு, எனக்குன்னு தனியா என்ன இருக்கு, எல்லாரும் சொன்னதைத்தான் நான் சொன்னேன் என்றார். ஆக, அந்த முடிவு யாருடையது என்று விளக்கேற்றித் தேடினாலும் கிடைக்கவில்லை. ஆளில்லாத முடிவுக்கு நீ மட்டும் தண்டனை அனுபவித்திருக்கிறாய்.

என்னையும் எழுப்பினார். இல்லை என்றேன், தெருவுக்கே கேட்கும்படி. அப்புறம், உங்களை யார் கேக்கறது என்று நான் திருப்பிக் கேட்டேன். நான் அன்னிக்குத் தலையாட்டினேன் என்றார். சொல்லிவிட்டுப் புறங்கையால் கண்ணைத் துடைத்தார். எனக்கும் கேலி செய்ய வரவில்லை, துண்டை எடுத்துக் கொடுத்தேன்.

எல்லாரையும் கேட்டாயிற்று, கண்ணு. பாக்கி நீ ஒருத்திதான். உன் அறை பூட்டிக் கிடக்கவில்லை, ஜன்னலைத் துடைத்து வைத்திருக்கிறேன். வருகிறாயா? வந்தால் சந்தோஷம். எங்கள் மேல் கோபம் தீரவில்லை, வர மாட்டேன் என்றாலும் நியாயம்தான், நாலு வார்த்தை திட்டியே எழுது. ஆனால் போனில் "ம்" போடாதே, பதில் எழுதாமலும் இருந்துவிடாதே. இந்த வீட்டில் இனிமேல் யாருடைய மௌனத்தையும் எண்ணுவதில்லை.

வேளைக்குச் சாப்பிடு, அந்தப் பல்லை டாக்டரிடம் காட்டிவிட்டு வா என்று எத்தனை தரம் சொல்வது. எந்த ஊரில் இருந்தாலும் தலை நிமிர்ந்து, நோய் நொடி இல்லாமல் நன்றாக இரு என்று வாழ்த்தும்

உன் அம்மா

கீழே கொஞ்சம் இடம் விடு என்று உன் அப்பா கேட்டார், விட்டிருக்கிறேன்.

யாரும் கேட்காமல் நானே சொல்கிறேன். வாம்மா. – அப்பா