குடிகாரப் பட்டம் தந்த மாத்திரை

கடலூர் ஓ.டி.

அன்பு மகள் தஹ்ஸீனுக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் அம்மாவும் அல்லாஹ்வின் கிருபையால் நலம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் அந்த டப்ளின் குளிரில் விறைத்துப்போகாமல் நலமாக இருக்க துஆ செய்கிறோம். போனில் சொன்னால் உன் அம்மா நடுவில் பிடுங்கிக்கொள்வாள், முழுக்கதையும் உனக்கு வந்து சேராது, அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

சிதம்பரத்தில் டயாலிசிஸ் நடக்கிறது. ஆனால் உன்னிடம் ஒன்றை மறைத்தோம், கோபித்துக்கொள்ளாதே. ஊசியும் மெஷினும் எனக்குப் பெரிதில்லை, அரிப்புதான் ஆளைக் கொன்றது. முதுகு, கால், உள்ளங்கை என்று ஊர்ந்துகொண்டே இருக்கும், மெஷினில் கையை நீட்டிப் படுத்தால் நாலு மணிநேரம் சொறியவும் வழியில்லை. உன் அம்மா கரப்பான் பண்டம் என்று கத்தரிக்காய், கருவாடு, இறால் எல்லாவற்றையும் நிறுத்தினாள். கடலூரில் இருந்துகொண்டு இறால் இல்லாமல் ஒரு மனுசன்! சிரங்கு மருந்தை எனக்குப் பூசி, தனக்கும் பூசி, போர்வைகளை வெந்நீரில் அவித்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில் வெறுத்துப்போய், இனி டயாலிசிஸுக்கு வரமாட்டேன், அல்லாஹ் எடுத்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டேன். அவள் அன்று அழுத அழுகை எனக்குத்தான் தெரியும்.

கெஞ்சிக் கூத்தாடி, இந்த ஒரு தடவை மட்டும் என்று இழுத்துப்போய் கிட்னி டாக்டர் சத்யப்பிரியாவிடம் போட்டுடைத்தாள். இவ்வளவு நாள் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று அந்தப் பெண் என்னை ஒரு பிடி பிடித்தது. அரிப்பு தோலில் இல்லையாம். அபின் மாதிரி ஒரு சரக்கை நம் உடம்பே தயாரிக்கிறதாம், அது போய் உட்கார நரம்பிலும் மூளையிலும் இடங்கள் உண்டாம். ஒரு வகை இடத்தில் உட்கார்ந்தால் அரிப்பைக் கிளப்பும், இன்னொரு வகையில் உட்கார்ந்தால் அடக்கும். கிட்னி போனவர்களுக்குக் கிளப்புகிற கட்சியின் கை ஓங்கிவிடுகிறதாம். அந்த இடத்தை அடைத்துவைக்க ஒரு மாத்திரை இருக்கிறது, எல்லோருக்கும் கேட்காது, பார்ப்போம் என்று ஈரலுக்கு ரத்தம் சோதித்துவிட்டு எழுதிக்கொடுத்தார்.

அதை வாங்கப் போன இடத்தில்தான் மானம் போனது. நம் தெரு மருந்துக்கடை ஞானசேகரன் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குரலைத் தாழ்த்தி, பாய், எப்பலேர்ந்து இந்தப் பழக்கம், கவலப்படாதீங்க, இதப் போட்டா தன்னால வுட்டுடும் என்றார். குடியை நிறுத்தவும் இதே மாத்திரையைத்தான் கொடுப்பார்களாம்! தாழ்த்திய குரல் பின்னால் நின்ற எல்லோருக்கும் கேட்டது. நான் வீடு சேருமுன் சேதி சேர்ந்துவிட்டது. அம்மாவின் தம்பி, உன் மாமா, அஸர் தொழுதுவிட்டு நேரே வந்து, மச்சான், நடந்தது நடந்துபோச்சு, தௌபா செஞ்சிடுங்க, அல்லாஹ் மன்னிப்பான் என்று என் கையைப் பிடித்துக் கண் கலங்குகிறார். எனக்குச் சிரிப்பும் கோபமும், நடுவில் அரிப்பு வேறு. உன் அம்மா கரண்டியோடு வெளியே வந்து, இந்த மனுசன் கோலி சோடா குடிச்சாலே தலை சுத்துதுன்னு உக்காந்துக்குவாரு, இவரு குடிச்சிட்டாலும், என்று போட்டாளே ஒரு போடு!

முதலில் கொஞ்ச நாள் குமட்டியது. பிறகு ஒரு நாள் மெஷினில் படுத்தவன் அப்படியே தூங்கிப்போனேன். என் குறட்டையைப் பற்றிப் பக்கத்துப் படுக்கைக்காரர் புகார் சொன்னாராம், நர்ஸ் மலர்க்கொடி இன்னும் சொல்லிச் சிரிக்கிறாள். அரிப்பு சுத்தமாகப் போய்விடவில்லை, காலில் கொஞ்சம் மிச்சம், அது இருந்துவிட்டுப் போகட்டும். ஒரு டயாலிசிஸும் விடுவதில்லை. இறாலும் அளவோடு திரும்பி வந்துவிட்டது.

நீ வேளைக்குச் சாப்பிடு. மாப்பிள்ளையோடு சண்டை வந்தால் அன்றைக்கே தீர்த்துக்கொள். அல்லாஹ் உங்கள் இருவருக்கும் ஆயுளையும் பரக்கத்தையும் தருவானாக. மாமாவுக்கு ஒரு போன் போட்டு, அத்தா குடிக்கவில்லை என்று நீயும் சொல்லிவிடு, என் பேச்சில் அவருக்கு இன்னும் பாதி நம்பிக்கைதான். எப்போது வரட்டும் அத்தா என்று போன தடவை நீ கேட்டபோது, சீக்கிரம் வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போம்மா என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இப்போது உனக்கே புரிந்திருக்கும். இனி அந்த அவசரம் இல்லை. லீவு கிடைக்கும்போது நிதானமாக வா. நான் இருப்பேன், இன்ஷா அல்லாஹ்.

உன் அத்தா,
குலாம் முகம்மது