தொடாமல் எடுத்த படம்

பீளமேடு,
ஞாயிறு மாலை.

அன்பு மகள் லின்சிக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் தயவில் நானும் அப்பாவும் நடமாட்டமாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் அந்தக் கால்கரிக் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் காலையும் மாலையும் எங்கள் ஜெபம். அப்பாவுக்கு முழங்கால் வலி குறையவில்லை, ஆனாலும் ஏர்போர்ட் ரோடு வரை நடந்துவிட்டு வந்து ஒன்றுமே இல்லை என்று சாதிக்கிறார். இந்த வருஷம் மழை பரவாயில்லை. என்னடா இது, போன் இருக்கும்போது அம்மா காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். வாட்ஸ்அப்பில் எழுதினால் நீ ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுவாய், பேசி அனுப்பினால் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பாய் என்று உன் மகனே என்னிடம் சொல்லிவிட்டான். இதை நீ உட்கார்ந்து படிக்க வேண்டும், அதனால்தான் எழுதுகிறேன்.

போன வாரம் நீ பேசியதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. எனக்கு நாற்பது தாண்டிவிட்டது, சித்தி விஷயத்தைச் சொன்னதும் டாக்டர் மேமோகிராம் என்று மார்பை எக்ஸ்ரே எடுக்கச் சொல்கிறார், எனக்குத்தான் கதிர்வீச்சு என்றால் பயம், இங்கே பக்கத்தில் ஒரு இடத்தில் தெர்மல் கேமராவில் படம் எடுக்கிறார்கள், வலி கிடையாது, தொடக்கூட மாட்டார்கள், அதற்கே பேர் கொடுத்திருக்கிறேன் என்று சொன்னாய். நான் பதில் பேசாமல் போனை அப்பாவிடம் கொடுத்தேன், குக்கர் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை என்று நினைத்திருப்பாய். நன்றாகக் கேட்டது. வலி கிடையாது, தொட மாட்டார்கள் என்று என் கடைசித் தங்கையும் இப்படித்தான் என்னிடம் சந்தோஷமாகச் சொன்னாள். தெபோராள் சித்தி மார்பகப் புற்றுநோயில் போனாள் என்பது மட்டும்தான் உனக்குத் தெரியும். அவளை அனுப்பி வைத்தது யார் என்று தெரியாது.

பிராங்க்கை நினைவிருக்கும், சாராள் அக்காவின் மகன், உன்னோடு ஞாயிறு பள்ளியில் வசனம் ஒப்பித்தவன். உடம்பின் சூட்டைப் படம் பிடிக்கும் கேமரா ஒன்றை வைத்துக்கொண்டு சபை, அபார்ட்மெண்ட், மில் குவார்ட்டர்ஸ் என்று போய்ப் பெண்களுக்குப் புற்றுநோய் முகாம் நடத்துகிறான். முந்தின வருஷம் நம் சபை ஹாலில் வைத்தான். தொடமாட்டோமுங்க, வலிக்காதுங்க, கதிர்வீச்சு இல்லீங்க, திரைக்குப் பின்னாடி பொம்பளப்புள்ளதான் இருக்குமுங்க என்று தேன் ஒழுகப் பேசினான். டாக்டர் கை படாத சோதனை என்றால் நம் பெண்களுக்கு வேறென்ன வேண்டும், வரிசையில் நின்றார்கள். தெபோராளும் கிணத்துக்கடவிலிருந்து பஸ் ஏறி வந்து எடுத்துக்கொண்டாள். பச்சையும் நீலமுமாக ஒரு படம், கீழே நார்மல் என்று ஒரு வரி. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த ஞாயிறே ஸ்தோத்திரக் காணிக்கை கொடுத்தாள், பரிசோதனையில் நற்சுகம் அறிந்ததற்காகக் கிணத்துக்கடவு தெபோராள் குடும்பத்தார் என்று ஆயர் மேடையில் வாசித்தார், சபை முழுக்க ஆமென் சொன்னது, நானும் சத்தமாகச் சொன்னேன். கிறிஸ்துமஸுக்கு முன்னால் குளிக்கும்போது அவளுக்கு மார்பில் ஒரு கட்டி கைக்குத் தட்டுப்பட்டிருக்கிறது. புருஷனிடம்கூட மூச்சு விடவில்லை. அக்குளில் நெறி கட்டி, கையைத் தூக்கி ஜாக்கெட் போட முடியாமல் போன பிறகுதான் நான் பார்த்து இழுத்துக்கொண்டு ஓடினேன். அதற்குள் எலும்பு வரை போய்விட்டது. ஏண்டி மறைத்தாய் என்று கேட்டதற்கு, சபையில ஸ்தோத்திரம் சொல்லிப்போட்டனுங்களே அக்கா, மறுக்கா டெஸ்டுக்குப் போனா ஆண்டவரை நம்பலைன்னு ஆயிருமுங்களே, நார்மல்னு பேப்பர் வேற இருக்குதுங்களே என்றாள். ஆண்டவரை அவள் நம்பியது சரிதான். ஆனால் அந்தப் பேப்பரைக் கொடுத்தது ஆண்டவர் இல்லையே கண்ணு, பிராங்க் அல்லவா.

தெபோராளின் அடக்கம் முடிந்ததும், அவளைப் பார்த்த ஸ்கேன் டாக்டர் புவனா, கூடப் பிறந்தவங்க நீங்க கட்டாயம் பாத்துக்கோணுமுங்க என்று என்னை வரச் சொன்னார். ஆஸ்பத்திரியில் மேமோகிராம் எடுக்கும் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். எதிர் நாற்காலியில் யார் என்கிறாய், சாராள் அக்கா! பக்கத்தில் தண்ணீர் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு பிராங்க். என்னைப் பார்த்ததும் பில் கட்டுகிறேன் என்று எழுந்து போனான், திரும்பி வரவே இல்லை. சாராள் அக்கா கள்ளம் கபடம் தெரியாதவள், வருசந் தவறாமப் பையன் கூட்டியாந்துருவான் அம்மணி, மேமோகிராம் எடுக்காட்டி அவனுக்குத் தூக்கமே வராது என்று பெருமையாகச் சொன்னாள். தன் கேமரா என்ன காட்டும், என்ன காட்டாது என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. பெற்றவளுக்கு மேமோகிராம், என் தங்கைக்கு வண்ணப் படம். தெரியாமல் செய்திருந்தால் ஒருவேளை என் வயிற்றெரிச்சல் அடங்கியிருக்கும். அன்றைக்கு அங்கே உட்கார்ந்தே முடிவு செய்தேன், இவனை நான் விடமாட்டேன் என்று.

பழி தீர்க்க வேண்டுமென்றால் அவன் தொழிலை அவனைவிட நன்றாகத் தெரிந்துகொள்ள வேண்டுமல்லவா, புவனா டாக்டரைப் பிடித்துக்கொண்டு துளைத்துவிட்டேன். நீயும் தெரிந்துகொள். மேமோகிராமில் மார்பை இரண்டு தட்டுக்கு நடுவில் வைத்து அழுத்துவார்கள், வலிக்கும், நான் பல்லைக் கடித்துக்கொண்டேன், காப்பி ஆறுவதற்குள் முடிந்துவிடும். கதிர்வீச்சு உண்டு, ஆனால் மிகவும் கொஞ்சம். கட்டி கைக்குத் தட்டுப்படுவதற்கு வெகுநாள் முன்பே, சில சமயம் நோயின் முதல் அடையாளமான, உப்புத்தூள் மாதிரி இருக்கும் சுண்ணாம்புப் புள்ளியைக்கூடக் காட்டிக்கொடுக்கும், வருஷக்கணக்காக எத்தனையோ பெண்களை வைத்துச் சோதித்து உயிரைக் காப்பாற்றுகிறது என்று நிரூபித்திருப்பது இதைத்தான் என்றார். குறையும் கேட்டேன், மறைக்காமல் சொன்னார். ஒன்றுமில்லாததற்கும் திரும்பக் கூப்பிட்டுப் பயமுறுத்தும். சில சமயம், விட்டால் ஆயுசுக்கும் ஒன்றும் செய்யாத கட்டியைக்கூடக் கண்டுபிடித்து அறுவை, மருந்து என்று இழுத்துவிடும். உன் வயதில் சதை அடர்த்தியாக இருக்கும், படத்தில் அதுவும் வெள்ளை, கட்டியும் வெள்ளை, அதனால் தவறவிடவும் கூடும். என்னையே இடது பக்கம் சந்தேகம் என்று மறுபடி கூப்பிட்டார்கள். இடையில் நான் பட்ட பாட்டை அப்பாவிடம் கேள், யாருக்கு எந்த நகை என்று பிரித்தே வைத்துவிட்டேன். அல்ட்ராசவுண்டில் பார்த்தால் வெறும் நீர்க்கட்டி. அந்த அல்ட்ராசவுண்டில் கதிர்வீச்சு கிடையாது, அடர்த்தியான சதையில் நன்றாகப் பார்க்கும், நீரா கட்டியா என்று பிரித்துச் சொல்லும். ஆனால் பார்ப்பவர் கைத்திறமையைப் பொறுத்தது, சுண்ணாம்புப் புள்ளியைச் சரியாகப் பிடிக்காது, அதனால் மேமோகிராமுக்குத் துணையாகத்தான் வைத்துக்கொள்ள வேண்டும், அதற்குப் பதிலாக அல்ல. எம்ஆர்ஐ எல்லாவற்றையும்விட நுணுக்கமாகப் பார்க்குமாம், ஆனால் ஊசியில் மருந்து ஏற்றிக் குழாய்க்குள் படுக்க வைப்பார்கள், செலவு அதிகம், வீண் பயமும் அதிகம், குடும்பத்தில் நோய் பலமாக இருப்பவர்களுக்குத்தான் எழுதுவார்களாம். சித்திக்கு ஐம்பதுக்குள் வந்தது என்று உன் டாக்டரிடம் வயதையும் சேர்த்துச் சொல், உனக்கு அது வேண்டுமா வேண்டாமா என்று அவர் கணக்குப் போட்டுச் சொல்வார். நம் கையால் நாமே பார்ப்பதும் நல்லதுதான், எது புதிது என்று தெரியும், ஆனால் கைக்குத் தெரிகிற அளவு வளர்ந்த பிறகுதான் தெரியும். கடைசியாகத் தெர்மல் கேமரா. சூடு தெரியுமுங்க, கட்டி தெரியும்னு நம்பி உக்கார முடியாதுங்க, மேமோகிராமுக்குப் பதிலா அத எடுத்துக்கவே கூடாதுங்க என்று புவனா சொன்னார். வலிக்காது என்பது ஒன்றுதான் அதில் உண்மை.

இவ்வளவையும் மனதில் ஏற்றிக்கொண்டு காத்திருந்தேன். போன மாதம் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் இந்த வருஷ முகாமை அறிவிக்கப் பிராங்க் வந்தான், சாராள் அக்கா முன் வரிசையில். அவன் பேசி முடிக்கும் வரை விட்டேன். பிறகு எழுந்து, நம் ஊர் மரியாதை ஒன்றும் குறையாமல், ஏனுங்க தம்பி, உங்க கேமரா அத்தன நல்லதுன்னா உங்கம்மாவ எதுக்குங்க வருசா வருசம் மேமோகிராமுக்குக் கூட்டிட்டுப் போறீங்க என்று கேட்டேன். அவன் முகத்தில் ஈயாடவில்லை. ரெண்டும் பாக்கறது நல்லதுங்க அத்தை என்று முனகினான். தெபோராகிட்ட ரெண்டும் பாக்கோணும்னு சொன்னீங்களாங்க என்றேன். சாராள் அக்கா மகனையே பார்த்துக்கொண்டிருந்தாள், பிறகு முந்தானையால் முகத்தை மூடி அழுதாள். எனக்கு இரக்கம் வரவில்லை லின்சி, வந்ததுபோல நடிக்கவும் இல்லை.

முகாம் அதோடு போயிற்று. மறுநாளே பிராங்க் பழக்கூடையோடு வீட்டுக்கு வந்தான். நான் வாங்க என்று சொல்லவில்லை, உட்காரச் சொல்லவில்லை, ஒரு டம்ளர் தண்ணீர் தரவில்லை. இந்த வீட்டு வாசலில் அப்படி நின்ற முதல் ஆள் அவன்தான். அப்பாவுக்கே சங்கடமாகி உள்ளே போய்விட்டார். கூடையைத் திருப்பிக் கையில் கொடுத்து, எடுத்துட்டுப் போடா என்றேன், அவனை வாடா போடா என்று பேசியது அதுதான் முதல் தடவை. அடுத்து ஆயர் வந்து மன்னிப்பைப் பற்றி வெகுநேரம் பேசினார். மன்னிக்கறனுங்க, ஆனா நார்மல்னு பேப்பர் குடுத்த ஒவ்வொரு ஊட்டுக்கும் அவனே போயி, இது போதாது, மேமோகிராம் எடுத்துப்போடுங்கன்னு வாயால சொல்லோணுமுங்க என்றேன். இப்போது போய்க்கொண்டிருக்கிறான். உடுமலைப்பேட்டை வரை போயிருக்கிறான். போன வீட்டு அம்மாவிடம் போனைக் கொடுக்கச் சொல்லி, சொன்னானா என்று நானே கேட்கிறேன். சிலர் அவனை வாசலிலேயே வைத்துத் திட்டுகிறார்கள், அது என் காதில் விழும்போது அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்குகிறேன். மன்னிப்பு இன்னும் வரவில்லை. வந்தால் ஆயருக்குச் சொல்லி அனுப்புகிறேன்.

இப்படி அவனை ஊர் ஊராக நான் ஓட வைத்துக்கொண்டிருக்கும்போது நீ அங்கே போய் அதே கேமராவுக்கு முன்னால் நிற்கப் போகிறேன் என்கிறாய். நிற்காதே. நாளைக்கே அந்தப் பேரை அடித்துவிட்டு மேமோகிராமுக்குத் தேதி வாங்கு, சதை அடர்த்தியா என்று கேள், அல்ட்ராசவுண்டும் வேண்டுமா என்று கேள். திரும்பக் கூப்பிட்டால் பயந்து ஒளியாதே, நானும் அந்தப் பயத்தைப் பட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நல்லபடியாக வந்தாலும் அதோடு விட்டுவிடாமல் டாக்டர் சொல்கிற காலத்துக்கு மறுபடி போ. ஸ்தோத்திரம் சொல், ஆனால் நடுவில் ஏதாவது தட்டுப்பட்டால் அன்றைக்கே ஓடு, ஆண்டவர் கோபித்துக்கொள்ள மாட்டார். மாப்பிள்ளைக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. தேதி வாங்கியதும் எனக்குச் சொல்ல மறக்காதே. கர்த்தர் உன்னைக் காப்பாராக. நீ தலை நரைத்து, பல் விழுந்து, பேரப்பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு நம் சபையின் முன் வரிசையில் வந்து உட்கார வேண்டும். தெபோராளுக்குக் கிடைக்காத வயதையும் சேர்த்து நீ வாழ்வதைப் பிராங்க் கண்ணால் பார்க்க வேண்டும். நான் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவன் பார்க்க வேண்டும்.

உன் மேல் உயிரையே வைத்திருக்கும் அம்மா,
கிருபாவதி ஞானாபரணம்.