பங்கில்லாத கை

அக். 14, செவ்வாய்

விடாத தூறல். மீஞ்சூர் வரை ரயில், அப்புறம் பஸ். திருப்பாலைவனத்தில் ஏறிய ஒரு மீன்காரம்மா ஈரக் கூடையை என் காலில் வைத்தார். அப்பாவின் ஊரான லைட்ஹவுஸ் குப்பத்தில் இறங்கும்போது செருப்பெல்லாம் மீன் வாடை.

நண்டுக் குழம்பில் மயங்கி வந்த காரணத்தை மறந்துவிடக் கூடாது என்று முதலிலேயே எழுதி வைக்கிறேன். மலேசியாவில் கிள்ளானிலிருந்து ஒரு செமஸ்டர் சென்னைக்கு வந்திருக்கிறேன். பேராசிரியரிடம் சொன்ன காரணம், பூர்வீகம் பற்றிக் கட்டுரை. சொல்லாத காரணம், அப்பாவின் அண்ணன் தேசிங்கு. பெரியப்பா; இனி இதில் பெ.பா., மரியாதை அவ்வளவுதான். தங்குவதும் அவர் வீட்டில்தான்.

கடலை ஒட்டிய ஏரியில் எந்த இடத்தில் யார் எப்போது வலை கட்டலாம் என்று ஊர் முறை பிரிக்கும். அதற்குப் பெயர் பாடு. அடுத்தவர் முறையில் தம்பி ஏழுமலை, அதாவது என் அப்பா, திருட்டு வலை கட்டினான் என்று பெ.பா. ஊர்க்கூட்டத்தில் சொன்னார். பொய். அப்பாவின் பங்கை எடுத்துவிட்டு ஊர் ஒதுக்கி வைத்தது. குழாயில் தண்ணீர் கிடையாது, கடையில் உப்பு கிடையாது, பேச்சும் கிடையாது. அப்பா மலேசியாவுக்கு வேலைக்குப் போய்விட்டார். அவர் அம்மா செத்த சேதிகூட யாரும் சொல்லவில்லை.

அந்தப் பொய்யை அதே கூட்டத்தில் அதே வாயால் திரும்ப வாங்க வைக்க வேண்டும். வந்தது அதற்குத்தான்.

அக். 15, புதன்

நண்டுக் குழம்பேதான். பெரியம்மா என் ஜீன்ஸைக்கூடத் துவைத்துப் போட்டுவிட்டார். இவரை எப்படி வெறுப்பது என்று தெரியவில்லை.

பெ.பா. தெருத் தெருவாகக் கூட்டிப்போய் "தம்பி பொண்ணு, ஃபாரின்ல படிக்குது" என்று காட்டினார். படிப்பது சென்னையில். திருத்தவில்லை.

சாப்பிடும்போது கேட்டேன், அப்பா ஏன் ஊரை விட்டுப் போனார் என்று.

"உன் நைனாக்கு ஒரு எடத்துல கால் நிக்காது மா. சின்னதுலேந்தே அப்டித்தான்."

முள் எடுத்து என் தட்டில் மீனை வைத்துக்கொண்டே சொன்னார். மீனைச் சாப்பிட்டேன்.

பிறகு அவரே: "நாளைக்கு பாடு சீட்டு, யாருக்கு எந்த எடம்னு. பங்கு இல்லாத கைதான் எடுக்கணும். நீ எடு மா. எனக்குப் பெருமையா இருக்கும்."

என் அப்பாவுக்குப் பங்கு இல்லை என்பது இவருக்கு அவ்வளவு சாதாரணம். "சரி பெரிப்பா" என்றேன், தேன் ஒழுக.

வாங்க வேண்டியவை: கொசுவர்த்தி, ஷாம்பு, கற்பூரம்.

அக். 16, வியாழன்

சாயந்திரம். மழை நின்றிருந்தது, காற்று நிற்கவில்லை. கோயில் முன்னால் ஆண்கள் எல்லோரும். நடுவில் சீட்டுப் பானை.

ஊர்த் தலைவர், நாட்டார் என்பார்கள், "எடு பொண்ணு" என்றார்.

கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். "நான் எடுக்கக் கூடாதுங்க. எனக்குப் பங்கு இருக்கு. ஏழுமலை பங்கு."

"ஏழுமலைக்கு ஏது பங்கு? ஒதுக்கின ஆளாச்சே" என்றார் நாட்டார்.

"இன்னாத்துக்கு இப்ப அந்தக் கதை? வேற ஆள எடுக்கச் சொல்லு" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

அப்பா சொல்லி அனுப்பியதைச் சொன்னேன். ஒரு வீடு பங்கு கேட்டு நின்றால், பதில் சொல்லாமல் சீட்டு எடுக்கக் கூடாது. சீட்டு எடுக்காமல் யாரும் ஏரியில் வலை கட்டவும் கூடாது. மழைக்கு இறால் ஏறியிருக்கிற நேரம், ஒரு நாள் போனாலும் எல்லோருக்கும் நஷ்டம். நாட்டார் பானையை ஓரமாகத் தள்ளி வைத்தார். எல்லோரும் பெ.பா.வைப் பார்த்தார்கள்.

கற்பூரத்தை நானே ஏற்றினேன். "அப்பாதான் வலை கட்டினார்னு இதை அடிச்சு சத்தியம் பண்ணுங்க பெரிப்பா."

அவர் மகன் குமார் அண்ணன் காலையில் ஃபைபர் போட்டில் கடலுக்குப் போனவர், இன்னும் கரை ஏறவில்லை. பிள்ளை கடலில் இருக்கும்போது பொய்ச் சத்தியம் பண்ண எந்த அப்பனுக்கும் கை வராது. தெரிந்துதான் கேட்டேன்.

பெ.பா. கையைத் தூக்கினார். இறக்கினார். கற்பூரம் பாதி எரிந்துவிட்டது.

"ஏழுமல கட்டல. நான்தான் கட்னேன். மாட்டிக்குவேன்னு அவன் பேர சொல்லிட்டேன்."

எனக்கு இனித்தது. அப்படியே எழுதுகிறேன், இனித்தது.

நாட்டார் தீர்ப்பு: ஏழுமலைக்குப் பங்கு உண்டு. தேசிங்கு வீட்டை ஒதுக்கி வைப்பது. "ஒதுக்கி வெச்சத எடுத்து வுடறது ஏழுமல வூட்டு இஷ்டம். நீ இன்னா சொல்ற மா?"

"ஒதுக்கினது அப்படியே இருக்கட்டும்" என்றேன்.

குமார் அண்ணன் இருட்டுவதற்குள் கரை ஏறிவிட்டார். என்னைத் தாண்டி வீட்டுக்குள் போனார்.

அக். 17, வெள்ளி

வெயில். குழாயடியில் பெரியம்மா குடத்தோடு நின்றிருக்கிறார். யாரும் விலகவில்லை. வெறும் குடத்தோடு வந்தார். நான் போனபோது வழி விட்டார்கள். நான் பங்குக்காரர் மகள். நிறைத்து வந்து பெரியம்மா எதிரிலேயே தூக்கிப்போய் குடத்துத் தண்ணீர் முழுவதையும் ஊற்றிக் குளித்தேன். குளித்து முடித்த பிறகுதான் அசிங்கமாக இருந்தது.

அப்பாவுக்கு போன் போட்டேன். ஸ்பீக்கரில். பெ.பா. வாசற்படியில் உட்கார்ந்திருந்தார், கேட்கட்டும் என்றுதான்.

"இன்னா சொன்னாரு அண்ணன்? அவரு சொன்ன மாரியே சொல்லு."

சொன்னேன்.

"இன்னொரு வாட்டி."

சொன்னேன். ஊர் அவரை ஒதுக்கி வைத்ததையும் சொன்னேன்.

"ஒதுக்கினத எடுக்காத. அப்டியே இருக்கட்டும். நானே வந்து எடுத்து வுடறேன்."

இத்தனை வருஷத்தில் ஊருக்கு வருகிறேன் என்று அப்பா சொல்லி நான் கேட்டதில்லை.

வாசற்படியிலிருந்து பெ.பா., திரும்பாமலே: "எப்ப வரான்னு கேளு மா."

அப்பாவிடம் அதைக் கேட்கவில்லை. போனை வைத்துவிட்டேன்.