பட்டியலில் இருக்கிற கார்டு

மார்ச் 4

கம்ப்யூட்டரில் ஆடுகிற போர் விளையாட்டின் புதிய பதிப்பு மே மாதம் வருகிறதாம். வரட்டும். பழையதை அன்றோடு மூடிவிடுவார்களாம், அதுதான் கவலை.

ஐம்பத்திரண்டு வயதில், மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவளுக்கு டாங்கியும் பீரங்கியும் எதற்கு என்று மகள் கேட்கிறாள். தெரிந்துகொண்டே கேட்கிறாள். அப்பாவை யார் வீட்டில் வைத்துக்கொள்வது என்று அண்ணனும் நானும் சண்டை போட்டுப் பேச்சை நிறுத்தி மூன்று வருடம். அப்பாவும் போய்விட்டார். எங்களுக்குள் மிச்சம் இந்த ஆட்டம்தான். ஒரு நாள் அவர் படையை நகர்த்துவார், மறுநாள் நான். கூடவே ஒரு வரி எழுதி அனுப்பலாம். "இங்கே மழை." "முட்டி வலி தேவலை." அண்ணன் தங்கை உறவு அந்த ஒரு வரியில் ஓடிக்கொண்டிருக்கிறது.

மார்ச் 9

புதிய ஆட்டத்துக்கு எந்தெந்த கிராபிக்ஸ் கார்டு (திரையில் படத்தை வரைகிற பாகம்) ஒத்துவரும் என்று பட்டியல் போட்டிருக்கிறார்கள். என்னுடையது இருக்கிறது. உங்களுடையது என்ன என்று அண்ணனிடம் வரியில் கேட்டேன். "தெரியாது. இதற்காகப் புதிது வாங்கமாட்டேன்." வாங்கச் சொல்லி நான் கேட்டேனா?

மார்ச் 12

அண்ணிக்கு போன் போட்டேன். பரணில் ஏறி, கார்டு வந்த அட்டைப்பெட்டியைத் தேடி எடுத்து, அதிலிருந்த எண்ணைப் படித்தார். பட்டியலில் கடைசிக்கு முந்தின வரி. இருக்கிறது. நிம்மதியாகத் தூங்கப் போகிறேன்.

மார்ச் 15

நிம்மதியாவது மண்ணாவது. முன்கூட்டிப் போட்டுப் பார்க்க மாதிரி ஆட்டம் ஒன்று விட்டிருக்கிறார்கள். அண்ணன் வீட்டில் போட்டால், 'உங்கள் கிராபிக்ஸ் கார்டு பொருந்தாது' என்கிறதாம். பட்டியலில் பொருந்துகிற கார்டு கம்ப்யூட்டரில் மட்டும் எப்படிப் பொருந்தாமல் போகும்?

மார்ச் 16

கடையில் நாள் முழுக்க, "இப்ப தெரியுதா? இது தெளிவா, அது தெளிவா?" வீட்டுக்கு வந்தால் போனில் அண்ணியிடமும் அதே கேள்வி. கார்டுக்கான மென்பொருளை அழித்துவிட்டு மறுபடி போடச் சொன்னேன். அண்ணன் பக்கத்திலேயே இருக்கிறார், குரல் எனக்கே கேட்கிறது.

"அதெல்லாம் போட்டாச்சுன்னு சொல்லு."

"அதெல்லாம் போட்டாச்சாம்" என்றார் அண்ணி.

எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொள்ள அந்த மனுஷி என்ன பாவம் செய்தார்?

மார்ச் 20

ஆட்டத்தைச் செய்கிற கம்பெனிக்கு எழுதினேன். பட்டியலைப் பாருங்கள் என்று பதில்.

மார்ச் 21

பட்டியலில் இருக்கிறது, ஆனாலும் ஓடவில்லை என்று எழுதினேன். பட்டியலைப் பாருங்கள் என்று பதில். சுவரில் முட்டிக்கொள்ளலாம்.

ஏப்ரல் 2

ஆட்டக்காரர்கள் கூடுகிற இணையப் பக்கத்தில் கேட்டேன். பழசைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு கார்டு வாங்கச் சொல்லுங்கள் என்கிறார் ஒரு புத்திசாலி. கார்டைத் தூக்கிப் போடலாம். அண்ணனின் பிடிவாதத்தை எங்கே கொண்டுபோய்ப் போடுவது?

ஏப்ரல் 6

அண்ணனிடமிருந்து இன்றைய வரி: "விடு. இத்தோடு முடித்துக்கொள்ளலாம்."

ஆட்டத்தைத்தான் சொல்கிறாரா? அதைத்தான் சொல்லியிருப்பார் — வேறு என்ன? எவ்வளவு சுலபமா எழுதிட்டார். விடுன்னா விட்டுடறதா? அப்புறம் எனக்குன்னு யார் இருக்கா அந்தப் பக்கம்?

ஏப்ரல் 7

லீவு கேட்டாகிவிட்டது. சனிக்கிழமை நேரிலேயே போகிறேன். அண்ணிக்கு மட்டும் சொன்னேன்.

ஏப்ரல் 12

திரும்புகிற பஸ்ஸில் எழுதுகிறேன்.

கதவைத் திறந்த அண்ணன், "வா" என்றார். மூன்று வருடத்துக்குப் பிறகு அவ்வளவுதான். நான் நேராகக் கம்ப்யூட்டர் அறைக்குப் போனேன். மேஜைக்கும் சுவருக்கும் நடுவில் பெட்டியை நெருக்கி வைத்திருக்கிறார், பின்பக்கம் தெரியவே தெரியாது. தரையில் படுத்து போன் வெளிச்சத்தில் பார்த்தேன். திரையின் ஒயரைச் செருக இரண்டு இடம். மேலே இருப்பது கம்ப்யூட்டரின் சொந்த கிராபிக்ஸுக்கு, கீழே இருப்பது கார்டுக்கு. ஒயர் மேலே இருந்தது. கீழே கார்டு வேலையே இல்லாமல் சும்மா உட்கார்ந்திருக்கிறது. மாதாமாதம் எல்லாவற்றையும் கழற்றித் தூசி தட்டுவார், யாரையும் தொட விடமாட்டார், கையை விட்டுத் துழாவி முதலில் தட்டுப்படுகிற மேல் இடத்திலேயே எப்போதும் செருகிவிடுவாராம். ஒரு மாதம் நான் மாரடித்தது இதற்கு.

கீழே மாற்றினேன். புதிய ஆட்டம் முனகாமல் திறந்தது. பழையதையும் சரிபார்க்கிறேன் என்று, நாங்கள் ஆடிக்கொண்டிருக்கும் போரைத் திறந்தார்.

"இதென்ன பாதி மேப் மூட்டமா இருக்கு? கெடுத்துட்டியா?"

எனக்கு முதலில் புரியவில்லை. எதிரிப் படை மூடுபனிக்குள் மறைந்துதான் இருக்கும், உளவாளி போனால்தான் பனி விலகும், அதுதானே ஆட்டமே. அவர் அந்தப் பனியைப் பார்த்ததே இல்லை. கம்ப்யூட்டரின் சொந்த கிராபிக்ஸுக்கு அதை வரையத் தெரியவில்லை. மூன்று வருடமாக என் மொத்தப் படையும் அவர் கண்ணுக்கு நேராக நின்றிருக்கிறது.

"அப்போ நான் எங்க இருக்கேன்னு எப்பவும் உங்களுக்குத் தெரியுமா?"

"நீயும் என்னைப் பாக்கறேன்னுதான் நெனச்சேன்."

"பாத்திருந்தா உங்க படை காத்திருந்த பாலத்துல போய் மாட்டுவேனா?"

அண்ணன் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "வேணும்னே வந்து விழறியே, இன்னும் கோவம் தீரலையோன்னு நெனப்பேன். பாவமா இருக்கும். பின்வாங்கிடுவேன்."

நான் ஜெயித்த ஆட்டங்கள்? எத்தனை முறை மகளிடம் பீற்றிக்கொண்டிருக்கிறேன். அண்ணி சாப்பிடக் கூப்பிட்டதும் மூன்று பேரும் போய் உட்கார்ந்து சாப்பிட்டோம். பஸ் ஏறியபிறகுதான் அழுகை வந்தது.

மே 17

புதிய ஆட்டம் வந்துவிட்டது. இரண்டு வீட்டிலும் ஓடுகிறது. முதல் நகர்த்தல் என்னுடையது.

மே 20

கடையில் ஒருவருக்குக் கண் பார்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அண்ணன். அவராகக் கூப்பிட்டது இந்த மூன்று வருடத்தில் இதுதான் முதல் தடவை. பயந்துகொண்டே எடுத்தேன்.

"ஒண்ணுமே தெரியல. உன் படை எங்க இருக்கு?" எரிந்து விழுந்தார்.

சொல்லமாட்டேன் என்றேன். வடக்கா தெற்கா, அதையாவது சொல்லு என்றார். முடியாது என்றேன். வைத்துவிடுவார் என்று நினைத்தேன், வைக்கவில்லை. கண் பார்க்க வந்தவரைக் கொஞ்சம் உட்காரச் சொல்லிவிட்டு, வெளியே வந்து நின்று பேசினேன்.

படை எங்கே என்று சொல்கிறவரைக்கும் தினமும் கூப்பிடப் போகிறாராம். நான் சொல்வதாக இல்லை.