மாதா வந்த அன்று மேசைமேல் பிராந்தி

1975 அக்டோபர் 13, திங்கள்
மூடலான வானம். மழை இல்லை. வெள்ளி மாலை மாதா சுரூபம், வீடு வீடாகப் போகும் சிலை, நம் வீட்டுக்கு. ஒரு நாள் தங்கும். வேண்டியவை: கஞ்சி போட்ட வெள்ளைத் துணி, மெழுகுதிரி 4, காப்பித்தூள்.
சுரூபத்தைச் சுமந்து வந்து ஜெபமாலை சொல்லப்போகிறவன் சந்தியாகு, சங்கு குளிக்கிறவன். பெருங்குடியன். தபசு காலத்திலிருந்து, எட்டு மாதமாக, தொடுவதில்லையாம். வீடு வீடாக, ஆண்டவர் தன்னை மாற்றிய கதை சொல்கிறான். சாராயக் கடைகளைச் சர்க்கார் மூடி ஒரு வருஷம். கடையில்லாத ஊரில் குடிக்காதவனால் ஆண்டவருக்கு என்ன மகிமை?

14, செவ்வாய்
மீன்காரி ரெஜினா. சந்தியாகு மனைவி. அடி தாங்காமல் இரண்டு வருஷமாகத் திரேஸ்புரத்தில், தாய் வீட்டில். கூடையை இறக்கியதும்:
"பெரியம்மா, அவிய திரும்பி வரச் சொல்லுதாவ. போகட்டா?"
"என்னைக் கேட்டா?"
"ஒங்கள ஒருத்தரும் ஏய்க்க முடியாதுன்னு ஊரே சொல்லுது. வெள்ளிக்கிழம பாத்துச் சொல்லுங்க. வேண்டாம்னா போகல."
புருவத்தில் பழைய தழும்பு. ஊர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. மீன் மட்டம்.

16, வியாழன்
காற்று. கண்ணாடியைக் காணோம்; கடைசியில் ஜெபப் புத்தகத்துக்குள்.
என் வீட்டுக்காரர் இறந்தபின் அலமாரியிலேயே கிடக்கும் பிராந்தி, பாதி பாட்டில். மருந்துக்கு. மட்டத்தைப் பென்சிலால் குறித்தேன். நாளை எல்லோரும் போனபின் அவனை நிறுத்தி, மேசைமேல் வைத்துவிட்டுக் காப்பி போடப் போவேன். சிறுவயதில் கான்வென்டில் மதர் இப்படித்தான் மிட்டாய் வைத்துவிட்டுப் போவார். ஒரு தடவை எடுத்தேன். பிடிபடவில்லை.

17, வெள்ளி
தூறல். ஜெபமாலையில் அவன் உச்சரிப்பில் பிழை இல்லை. எல்லோரும் போனார்கள். அடுப்படிக் கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். பாட்டிலைப் பார்த்தான். எழுந்தான். வெளியே போய்த் தூறலில் நின்றான்.
"ஏலே, காப்பி ஆறுது."
"அந்தப் பாட்டில உள்ள வச்சிருங்க, பெரியம்மா. பொறவு வாரேன்."
"திருந்திட்டேன்னு ஊரெல்லாம் சொல்லுதியே, பிறகென்ன பயம்?"
"பயந்தான். காலைல எந்திச்சதும் ஆண்டவர்ட்ட கேக்கேன், இன்னிக்கு ஒரு நாள் என்னத் தாங்கும்னு. அம்புட்டுத்தான் என் கத." பிறகு அவனே, "மருந்துக்கு வச்சிருப்பிய. எடுத்து வைக்க மறந்திருப்பிய."
"ஆமா. மறந்துட்டேன்," என்றேன். மாதா சுரூபத்துக்கு நான்கடி தூரத்தில் நின்று.

18, சனி
மழை. கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம். சோதனை வைத்தது, பொய் சொன்னது. அறுபது வருஷத்து மிட்டாயும். பிராந்தி சாக்கடையில்.
ரெஜினா வந்தாள். அவன் தொடாததையும், பயம் என்றதையும், பாட்டில் வைத்தது நான்தான் என்பதையும் மறைக்காமல் சொன்னேன்.
"பயப்படுதாவளா?" என்றாள். "கடலுக்கே பயப்படாத ஆளு."
கூடையைத் தலையில் ஏற்றினாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். திரேஸ்புரம் பக்கம் திரும்பவில்லை, அவன் வீட்டுப் பக்கம்.
மறக்கவில்லை, வேண்டுமென்றே வைத்தேன் என்று அவனிடம் இன்னும் சொல்லவில்லை. சுரூபத்தை எடுக்க ஆறு மணிக்கு வருவான். இப்போது ஐந்தரை.