நீர்க்காகம் மாதிரி நிண்ட மனுஷனுக்கு

நிஃப்லாட வாப்பாவுக்கு,

தங்கச்சிக்கு வலி வந்திட்டுதாம். நிஃப்லாவையும் கூட்டிக்கொண்டு நுரைச்சோலைக்குப் போறேன். நீங்கதான் என்னோட கதைக்கிறல்லயே, அதால எழுதி வைக்கிறேன். சோறும் மீனாணமும் அடுப்படியில.

இண்டைக்கு ஹஜ்ஜுப் பிறை. குர்பான் கொடுக்கிறவர் பிறை கண்டா, ஆடறுக்கும் வரைக்கும் முடி வெட்டக்கூடாது. கக்கத்தைப் பொழுதுபட்டு மஃரிப் பாங்கு சொல்ல முன்னமே வழிச்சிடுங்க. ஆனா போனமுறை மாதிரி வேணாம்.

போனமுறை ஒரு மனுஷன் காய்ஞ்ச தோல்ல பழைய பிளேட்டை இழுத்துப்போட்டு நேரா உப்பளத்தில இறங்கினார். நான் சோறு கொண்டுபோன நேரம், எரிச்சல் தாங்காம வரம்பில ரெண்டு கையையும் தூக்கிக்கொண்டு, சிறகு காயவைக்கிற நீர்க்காகம் மாதிரி நிண்டார். அதை வேலிக்கு மேலால பக்கத்து வீட்டு சாரா உம்மாட்ட சொன்னது என்ட பிழைதான். தேத்தண்ணிக் கடை வரைக்கும் அந்தப் பேர் போயிட்டுது.

நேத்து ராத்திரி கனவிலயும் அவர் அப்படியே நிண்டார். சுத்திவர உப்பு வெள்ளையாக் கிடந்தது. காத்தடிக்க, மெல்லப் பறந்து களப்புத் தண்ணிக்கு மேலால போனார். கூப்பிட்டேன், திரும்பிப் பார்க்கல்ல.

முதல்ல கத்தரியால கட்டையாக்குங்க. இளஞ்சூட்டுத் தண்ணி, நிறைய சவர்க்கார நுரை, புது பிளேட். பிளேட் அலுமாரியில இருக்கு. முடி வளர்ற பக்கத்துக்கே இழுங்க, அழுத்த வேணாம். தேய்க்காம ஒத்தித் துடைங்க. அத்தர் பூசிடாதீங்க.

மறந்திட்டேன்: நாளைக்கு உப்பளத்துக்குப் போக வேணாம். உங்களுக்குக் காய்ச்சல் எண்டு முதலாளிட்ட சொல்லிட்டேன். உண்மையான காரணம் சாரா உம்மாவுக்கும் தெரியாது. வேலியடியில நிண்டு அவ எவ்வளவு கேட்டா தெரியுமா. நான் வாயே திறக்கல்ல.